நாயோட வாங்க

பொன்னனுக்குக் காது ஒரே நாளில் போய்விடவில்லை. இருபத்திரண்டு வருஷம் போர்வெல் போடுகிற வண்டியில் வேலை பார்த்தவனுக்குக் காது மட்டும் எப்படித் தங்கும்? திருச்செங்கோட்டு வண்டிகள் ராய்ப்பூர், ஜபல்பூர் என்று போய் ஊரான் பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது உலகத்துக்கே தெரியும். கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் பேசுவது கேட்காது, கை ஜாடைதான். போகப்போக வண்டி நின்ற பிறகும் கேட்கவில்லை. நாற்பத்தெட்டு வயதில் முதலாளி அவன் முதுகில் தட்டி, ஊர் திரும்புகிற லாரியில் ஏற்றிவிட்டார். கூடவே ஒரு நாயும் ஏறி வந்தது.

பேர் சொல்லி விலை சொல்லும் ஜாதி நாய் இல்லை. செவலை நிறத்து நாட்டு நாய். ஜபல்பூர்ப் பக்கம் ஒரு காட்டில் வண்டி நின்றிருந்தபோது, குட்டியாக டயருக்கடியில் வந்து சுருண்டு கிடந்தது. பொன்னன் சப்பாத்தியைப் பிய்த்து நீட்டி, “வா சாமி, வா சாமி” என்றான். அவனுக்குச் சோறூட்டும்போது அவன் அம்மா சொன்ன சொல் அது. குட்டி வந்தது. அதற்குப் பிறகு தனியாகப் பேர் என்று ஒன்றை யாரும் வைக்கவில்லை.

நம்ம பக்கம் சாமிக்கா பஞ்சம்? கைக்குழந்தையும் சாமி, பல் போன கிழவரும் சாமி. ஆனால் பொன்னன் பிறந்த தெருவில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தோட்டத்துக்காரர் எதிரே வந்தால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “சாமீ” என்று ஒதுங்கி நிற்க வேண்டும். வெள்ளியங்கிரி என்கிற தோட்டத்துக்காரரிடம் பொன்னனின் அப்பன் முப்பது வருஷம் அப்படி ஒதுங்கியே செத்தான். ஒரே சொல்தான். மடியில் இருக்கிறவனுக்குச் சொன்னால் கொஞ்சல், வரப்பில் நடக்கிறவருக்குச் சொன்னால் கும்பிடு.

ஊருக்கு வந்த பொன்னனுக்குச் சங்ககிரியில் ஒரு லாரிப் பட்டறையில் கிரீஸ் அடிக்கிற வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து பட்டறைக்கு பைபாஸ் ஓரமாக இரண்டு கிலோமீட்டர் நடை. முதல் மாசமே ஒரு மினி லாரியின் கண்ணாடி தோளில் இடித்து ஆளைச் சாய்த்துவிட்டது. ஆரன் அடித்தானாம். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பது பழமொழியாக இருக்கும்வரை சிரிக்கலாம். அந்த விபத்துக்குப் பிறகு நாய் தானாக ஒரு வேலையைக் கற்றுக்கொண்டது. பின்னால் வண்டி வந்தால் பொன்னனின் இடது முழங்கால் மடிப்பில் ஈர மூக்கை வைத்து அழுத்தும். அவன் ஓரம் போவான். வண்டி போகும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவன் பெண்டாட்டி முத்தாயம்மாள் தறிப்பட்டறையில் இதைச் சொல்லிச் சிரிப்பாள்: “எம் புருசனுக்கு நாங் கத்துனாக் கேக்காது, நாயி மூக்க வெச்சாக் கேக்கும்.”

தொந்தரவு கடைகளில்தான். நாயில்லாமல் போனால் சென்றாயன் டீக்கடையில் பெஞ்சு உண்டு. நாயோடு போனால் ரோட்டோரம் நின்று குடிக்க வேண்டும். வெளியே கட்டிவிட்டுப் போகலாமே என்பார்கள். ஒருநாள் கட்டினான். தெரு நாய்கள் நாலு சேர்ந்து குதறியதில் அதன் ஒரு காது கிழிந்தே போயிற்று. உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்த பொன்னனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கடைசி மிடறு குடித்துவிட்டு வெளியே வந்தவன் ரத்தத்தைப் பார்த்து நடுரோட்டில் உட்கார்ந்து அழுதான். அன்றிலிருந்து நாயைக் கட்டிப்போட்டுவிட்டு எந்தக் கடைக்குள்ளும் போகவில்லை. சலூன்காரர் வாசலில் நிற்க வைத்து முடி வெட்டினார். மருந்துக் கடைக்காரர் ரோட்டுக்கே மாத்திரையை நீட்டினார். அவனுடைய ஆசை பெரிய ஆசையில்லை. ஒரு கடைக்குள் போய், மின்விசிறிக்குக் கீழே மனுஷனாக உட்கார்ந்து, நாய் காலடியில் கிடக்க, எதையாவது சாவகாசமாகச் சாப்பிட வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் மைதிலி வந்தாள். சங்ககிரியில் புதிதாகக் கால்நடை ஆஸ்பத்திரி வைத்த டாக்டர். தோட்டம் துரவு உள்ள வீட்டுப் பெண், நல்ல மனசு, அதிலே சந்தேகமில்லை. நாய்க்குத் தடுப்பூசி போட வந்த பொன்னனின் கதையைக் கேட்டு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு தாளை எடுத்து எழுதினாள்: “அண்ணா, நாயோட வர்றவங்களைக் கடைக்குள்ள விடணும். நான் பேசறேன்.”

பேசினாள். கடை கடையாக ஏறினாள். உதாரணத்துக்குப் பொன்னனையும் நாயையும் கூட்டிக்கொண்டே போனாள். “ஏனுங்க, இந்த அண்ணனுக்கு இதுதானுங்க காது. இத வெளிய நிறுத்துனா எப்படிங்க?” என்பாள். கடைக்காரர்கள் எழுந்து நின்று கேட்டார்கள். எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள்: “பாக்கலாங்க டாக்டரம்மா.” நம்ம ஜில்லாவில் பாக்கலாங்க என்றால் என்ன அர்த்தம் என்று படித்த பெண்ணுக்குத் தெரியவில்லை. இப்போதும் இல்லை, எப்போதும் இல்லை என்று அர்த்தம். பொன்னன் தனியாகக் கேட்டபோதும் இதே பதில்தான், என்ன, அவனுக்குச் சொல்லும்போது கடைசியில் ‘ங்க’ இருக்காது. “பாக்கலாம் பொன்னா.”

கடைசியில் காரியத்தை முடித்தது பொன்னனின் காதும் இல்லை, மைதிலியின் கண்ணீரும் இல்லை. பெங்களூர்க் கார்கள். கோயமுத்தூருக்குப் போகிற வழியில் பைபாஸில் நிற்கிற கார்களில் பாதிக்குப் பாதி பின் ஸீட்டில் நாய் உட்கார்ந்திருக்கிறது. நாயை விட்டுவிட்டுச் சாப்பிட வரமாட்டார்கள். அடுத்த ஹோட்டலுக்குப் போய்விடுவார்கள். பைபாஸில் பெரிய ஹோட்டல் வைத்திருக்கிற சிவக்குமாருக்கு இது உறைத்தது. வெள்ளியங்கிரியின் மகன் அவர். ஹோட்டல் இருக்கிற இடமே அந்தப் பழைய தோட்டம்தான். அவர் சரி என்றதும் பதினொரு கடைகள் சரி என்றன. மைதிலி ஸ்டிக்கர் அடித்தாள். நாயின் பாதம் படம் போட்டு, மேலே கொட்டை எழுத்தில் “நாயோட வாங்க”. வாசல் ஓரம் தண்ணீர்க் கிண்ணம், ஒரு மூலையில் பாய். நாய்க்குச் சங்கிலியும் ஊசி போட்ட அட்டையும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை.

ஸ்டிக்கரைப் பொன்னன் ரொம்ப நேரம் பார்த்தான். எட்டாவது வரை படித்தவன். சங்ககிரியில் ஒரு கடைக் கதவு அவனை ‘வாங்க’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

திறப்பு விழா சிவக்குமார் ஹோட்டலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பொன்னன் நாயைக் கிணற்றடியில் நிறுத்தி இரண்டு தடவை சோப்பு போட்டான். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் என்று இழுக்கிற பழமொழியை முத்தாயம்மாள் சொல்லாமல் விடுவாளா? சொன்னாள். “நீயும் வா” என்று கூப்பிட்டான். “அந்தக் குடும்பத்து வாசப்படிய எங்க மாமனாரே தாண்டுனதில்ல. நாயி பேரச் சொல்லி நானெதுக்குத் தாண்டோணும்?” என்று கையை ஆட்டிவிட்டாள். அவள் உதட்டை அவன் சரியாகப் படித்தான். படித்தும் போனான். போகிறபோது பயமும் இருந்தது, ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

உள்ளே ஆறு நாய்கள். பெங்களூர்க்காரர் ஒருவரின் லாப்ரடார் கன்றுக்குட்டி மாதிரி பாயில் கிடந்தது. ஏ.சி. காற்று. பொன்னனுக்கு ஒரு மேசை போட்டார்கள். வாழை இலை, பிரியாணி, ஒரு தட்டில் பள்ளிபாளையம் சிக்கன். நாய் காலடியில் படுத்தது. பொன்னன் முதல் கவளத்தை வாயில் வைத்தான். அந்தக் கவளம் அவன் ஐந்து வருஷமாகக் கேட்டது.

பக்கத்து மேசையில் பெரியவர் வெள்ளியங்கிரி சாப்பிட்டு முடித்து, கை கழுவ எழுந்தார். அதே நேரம் லாப்ரடார் எழுந்து வந்து பொன்னனின் நாயை முகர்ந்தது. நாட்டு நாய்க்கு அதெல்லாம் பழக்கமா? விறைத்து எழுந்து உறுமியது. பொன்னனுக்குப் பதற்றம். தன் குரல் தனக்கே கேட்காதவன் எவ்வளவு சத்தம் என்று எப்படி அறிவான்? கம்ப்ரசரைத் தாண்டிக் கத்திய தொண்டை அது. ஹோட்டல் முழுக்க அதிர்கிற மாதிரி கத்தினான்:

“சாமி! உக்கோரு! கம்முனு உக்கோரு!”

நாய் உட்கார்ந்தது. பெரியவரும் உட்கார்ந்தார்.

அதுதான் வினை. எழுந்தவர் அந்த அதட்டலில் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் பார்த்தார்கள். பெங்களூர் மேசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பரிமாறுகிறவன் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தான். பெரியவரின் முகம் கறுத்தது. எழுபத்தைந்து வயதுவரை அவரை ‘சாமி’ என்று கூப்பிட்ட வாய் எதுவும் அதற்குப் பிறகு ‘உக்கோரு’ என்று சொன்னதில்லை. அவர் மெதுவாக எழுந்து பொன்னன் முன்னால் வந்து நின்றார்.

“ஆரைடா சாமீன்னு கூப்புட்டே?”

பொன்னன் அந்த உதடுகளைப் பார்த்தான். ‘சாமி’ தெரிந்தது. ‘கூப்புட்டே’ தெரிந்தது. நாயின் பேரைக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டான் பாவி. எழுந்து நின்று, வாயெல்லாம் பல்லாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்:

“சாமிங்க! இதும் பேரே சாமிதானுங்க! சொன்ன பேச்சுக் கேக்குமுங்க!”

பிறகு யாரும் அடிக்கவில்லை, வையவில்லை. அதற்கெல்லாம் காலம் மாறிவிட்டது. சிவக்குமார் சிரித்த முகமாக வந்து இலையை அப்படியே மடித்து எடுக்கச் சொன்னார். ஒரு பொட்டலம் வந்தது. பொன்னனின் தோளில் கை வைத்து வாசல்வரை கூட்டிக்கொண்டு போய், பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். தான் என்ன தப்பு செய்தோம் என்று பொன்னனுக்கு வீடு வரும்வரை தெரியாது. விஷயம் அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது, முத்தாயம்மாள்தான் கைஜாடையில் விளக்கினாள். பொட்டலத்தை நாய்கூட முழுதாகத் தின்னவில்லை.

மறுநாள் மைதிலி பட்டறைக்கு வந்தாள். முகம் வாடிப் போயிருந்தது. பெரியவர் கோபத்தில் பதினொரு கடைக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறார், ஸ்டிக்கரை எல்லாரும் பிய்த்துவிடுவார்கள் போலிருக்கிறது. தாளில் எழுதினாள்: “பேரை மட்டும் மாத்திடலாமா அண்ணா? டைகர்னு வெச்சுக்கலாம். பேருதானே?”

“அது பேரில்லீங்களே அம்மணி. கூப்புடற சொல்லுங்க” என்றான் பொன்னன்.

அவளுக்குப் புரியவில்லை. புரிந்திருந்தாலும் வேறு வழி அவளிடம் இல்லை. ஊசி அட்டையில் பழைய பேரை அடித்து டைகர் என்று எழுதினாள். பிஸ்கட் பாக்கெட் கொடுத்து, பேரைச் சொல்லும்போதெல்லாம் ஒன்று போடச் சொன்னாள். அந்த ஸ்டிக்கருக்காக, அந்த ஒரு மேசைக்காக, பொன்னன் அதையும் செய்தான். பைபாஸ் ஓரம் நடந்துகொண்டே “டைகரு, டைகரு” என்று கத்தினான். அவன் வாயில் அது டேகரோ டக்கரோ, அவனுக்கே தெரியாது. நாய் திரும்பவில்லை. பிஸ்கட் வைத்த கையை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தது. ஐந்தாம் நாள் காலை, பின்னால் ஒரு டிப்பர் வந்தபோதும் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. முழங்காலில் மூக்கு படவில்லை. டிப்பரின் காற்றே பொன்னனைப் பள்ளத்தில் தள்ளிவிட்டது. முழங்கை தோலுரிந்து வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து முத்தாயம்மாள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள். “ஆருக்கோ பேரு புடிக்கிலீன்னு நீ சாவோணுமா?” என்று கேட்டாள். அன்றோடு டைகர் செத்தது.

மைதிலியும் விடுகிற ஆளில்லை. அடுத்த ஞாயிறு வேறு யோசனையோடு வந்தாள். பத்திரிகையிலிருந்து சிவக்குமார் ஹோட்டலுக்குப் போட்டோ எடுக்க வருகிறார்கள். இந்தத் திட்டம் யாருக்காக ஆரம்பித்ததோ அந்த நாய் போட்டோவில் இல்லாவிட்டால் நன்றாயிராது. அதனால் அவளே நாயைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவாள். பொன்னன் அரை மணி நேரம் மட்டும் வெளியே இருந்தால் போதும். பெரியவர் கோபம் ஆறட்டும், அடுத்த தடவை அண்ணனும் உள்ளே வரலாம். இதையெல்லாம் அழகான கையெழுத்தில் எழுதி நீட்டினாள். பொன்னன் அந்தத் தாளைப் படித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். கபடு இல்லாத முகம். அதனால்தான் மறுக்க முடியவில்லை. சங்கிலியை அவள் கையில் கொடுத்தான்.

கதவு திறந்தது, நாய் உள்ளே போனது, கதவு மூடிக்கொண்டது.

வெளியே கார் நிறுத்துகிற இடம். பின்னால் வருகிற கார் எது, முன்னால் போகிற கார் எது என்று பொன்னனுக்குத் தெரியவில்லை. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான். அப்படியும் ஒரு கார் பின்னால் வந்து அவன் காலை உரசுகிற மாதிரி நின்றது. காவலாளி ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்தான். வாயைக் கோணிக்கொண்டு என்னென்னவோ திட்டினான். நாய் இல்லாத பொன்னன் பைபாஸில் வெறும் கட்டை.

கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான். நாய்க்குப் பாய் போட்டிருந்தது. போட்டோக்காரர் குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்தார். பெரியவர் வெள்ளியங்கிரியை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, கையில் கோழித் துண்டு கொடுத்திருந்தார்கள். நாய் அவரைப் பார்க்கவேயில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. மைதிலி “டைகர், டைகர்” என்பது தெரிந்தது. சிவக்குமார் விரலைச் சொடுக்கினார். ஊஹூம். போட்டோக்காரர் பொறுமையிழந்து கையை விரித்தார்.

அப்போது பெரியவர் குனிந்தார். கோழித் துண்டை நீட்டினார். அவர் உதடு அசைந்ததை இந்தத் தடவை பொன்னன் தப்பாகப் படிக்கவில்லை.

“வா சாமி. இந்தா சாமி, தின்னு.”

நாய் திரும்பி அவரிடம் போனது. எல்லாரும் சிரித்தார்கள். பெரியவரே சிரித்தார். மைதிலிகூடக் கை தட்டினாள்.

பொன்னனுக்கு இப்போது விளங்கியது. அப்படியானால் நாயைச் சாமி என்று கூப்பிடலாம். தாராளமாகக் கூப்பிடலாம். அவர் கூப்பிட்டால் கொஞ்சல், இவன் கூப்பிட்டால் குற்றம். சொல்லில் எப்போதும் தீட்டு இருந்ததில்லை, வாயில்தான் இருந்திருக்கிறது. இதற்காகவா நாயின் பேரை மாற்றினான்? இதற்காகவா டிப்பர் காற்றில் பள்ளத்தில் போய் விழுந்தான்?

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். காவலாளி பிடிக்க வந்தான், பிடிபடவில்லை. நேராகப் பெரியவரின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றான். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினான். குனிந்து, இரண்டு கையும் கூப்பி, அவன் அப்பன் முப்பது வருஷம் சொன்ன அதே பணிவோடு சொன்னான்:

“சாமீ... வாங்க சாமி. போலாமுங்க.”

பெரியவரின் முகம் தெளிந்தது. பயல் மன்னிப்புக் கேட்கிறான் என்று தலையை அசைத்தார். பொன்னன் அவர் காலடியில் கிடந்த சங்கிலியை எடுத்தான். கும்பிட்டபோதும் கை நாயின் பக்கமாகத்தான் இருந்தது. நாய் எழுந்து, வாலை ஆட்டி, அவன் முழங்காலை ஒட்டி நடந்தது. ஹோட்டலில் இருந்த உள்ளூர்க்காரர் அத்தனை பேருக்கும் அது புரிந்தது. பெங்களூர்க்காரர்கள் மட்டும், நாய்க்கு இவ்வளவு மரியாதையா என்று சந்தோஷமாகப் போட்டோ எடுத்தார்கள்.

மைதிலி கதவுவரை வந்தாள். அதற்கு மேல் வரவில்லை. அவளையும் குற்றம் சொல்ல முடியாது, அவளுக்குப் பதினொரு கடை இருக்கிறது. ஸ்டிக்கர்களை யாரும் பிய்க்கவில்லை. சங்ககிரிக்கு நல்ல பேர். பெங்களூர் நாய்கள் வருகின்றன, தண்ணீர் குடிக்கின்றன, பாயில் படுக்கின்றன.

அடுத்த வாரம் பொன்னன் நாயைப் பட்டறையிலேயே கட்டிவிட்டு, ரோட்டைக் கடக்காமல் போகக்கூடிய சென்றாயன் டீக்கடைக்குத் தனியாகப் போனான். சென்றாயன் பாய்லரை விட்டு எழுந்து வாசலுக்கே வந்து மறித்தான். பெரியவர் சொல்லியிருக்கிறார் என்று வானத்தைக் காட்டுகிற மாதிரி கட்டைவிரலை பைபாஸ் பக்கம் ஆட்டினான். பேப்பர் கப்பில் ஒரு டீயை நீட்டினான், காசுகூட வாங்கவில்லை. உள்ளே நாலு பெஞ்சும் காலியாகக் கிடந்தன. சலூனிலும் அப்படித்தான், மருந்துக் கடையிலும் அப்படித்தான்.

பொன்னன் டீயை வாங்கிக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றான். நாயோடு வந்தால் உள்ளே விடமாட்டோம் என்று இவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலமே தேவலை என்று நினைத்தான். அப்போது நாயில்லாமல் வந்தால் உட்கார ஒரு பெஞ்சாவது இருந்தது.